பெர்டோல்ட் பிரெக்ட்டைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மன் இலக்கியம், அரங்கியல், ஒப்பிலக்கியம் ஆகியவற்றுள் எதைப் பாடமாக எடுத்தாலும் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் பெர்டோல்ட் பிரெக்ட்டை ஒருமுறையாவது பாடத்திட்டத்தில் சந்திக்க நேரும். அவரைப் பற்றிச் சில செய்திகள் நம் காதில் முன்பே விழுந்திருக்கும்: பார்வையாளரை உணர்ச்சிவசப்பட விடாத நாடகாசிரியர், மார்க்சியர், பார்வையாளரைக் கதையில் மூழ்கவிடாமல் சிந்தித்துத் தீர்ப்புச் சொல்லத் தூண்டும் காவிய அரங்கை உருவாக்கியவர். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவற்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிற மாணவர், நாடகத்தைப் படிக்காமல் நாடகத்தைப் பற்றிய சூத்திரத்தைப் படிக்கிறவராகவே கடைசி வரை இருந்துவிடக்கூடும். அவ்வாறு ஆகாமல் இருக்க என்ன வரிசையில் படிக்கலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெக்ட் எழுதிய எதையும் ஆண்டு பார்க்காமல் படிக்காதீர்கள். எந்த வடிவம் என்று கேட்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். 1930 முதல் தம் படைப்புகளை வெளியிட்ட ஏடுகளின் வரிசைக்கு அவர் வைத்த பெயரே ‘முயற்சிகள்’ என்பதுதான். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் பிரதியைத் திருத்தியவர் அவர். நாடு மாறியபோதும், போர் வந்தபோதும், அணுகுண்டு விழுந்தபோதும் முன்பு எழுதியதைத் திரும்ப எடுத்து மாற்றியவர். முடிந்துபோன, மாறாத ஒரு ‘பிரெக்ட் பிரதி’ இருப்பதாக எண்ணித் தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே குழப்பம் வந்துவிடும்.

முதல் படி: ஒரே தாளில் காலவரிசை

வாழ்க்கை வரலாற்று நூலைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் கையாலேயே காலவரிசை ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். 1898 பிப்ரவரி 10 அன்று ஆக்ஸ்பர்க்கில் பிறப்பு. 1917இல் மியூனிக் பல்கலைக்கழகம். பெயருக்கு மருத்துவம், ஆர்வமெல்லாம் நாடகத்தில். 1922இல் ‘இரவில் முரசொலி’ நாடகமும் கிளைஸ்ட் பரிசும். 1924இல் பெர்லினுக்குக் குடிபெயர்தல். 1926 வாக்கில் மார்க்ஸை ஊன்றிப் படிக்கத் தொடங்குதல். 1928 ஆகஸ்ட் 31 அன்று ஷிஃப்பௌவர்டாம் அரங்கில் ‘த்ரீபென்னி ஓபரா’. 1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பிறகு டென்மார்க், சுவீடன், பின்லாந்து என்று நாடு நாடாக நகர்ந்து, 1941இல் சோவியத் நாட்டைக் குறுக்காகக் கடந்து விளாதிவஸ்தோக்கில் கப்பலேறிக் கலிபோர்னியா சேர்ந்தார். 1947 அக்டோபர் 30 அன்று கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் விசாரணை; மறுநாள் அமெரிக்காவிலிருந்தும் புறப்பாடு. 1949இல் கிழக்கு பெர்லினில் பெர்லினர் ஆன்சாம்பிள் நாடகக் குழு. 1956 ஆகஸ்ட் 14 அன்று மரணம்.

இந்தத் தாளின் வலப்பக்கத்தில் ஒரு பத்தியை வெற்றாக விட்டுவையுங்கள். வகுப்பில் எந்தப் படைப்பு வந்தாலும், அது எழுதப்பட்ட ஆண்டையும் முதலில் மேடையேறிய ஆண்டையும் தனித்தனியாக அங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிரெக்ட்டின் பெரிய நாடகங்களுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ‘தாய் கரேஜும் அவள் பிள்ளைகளும்’ 1939இல் சுவீடனில் எழுதப்பட்டது. முதலில் மேடையேறியது 1941இல் சூரிச் நகரில். அவரே பங்கேற்று உருவாக்கிய பெர்லின் தயாரிப்பு 1949 ஜனவரியில். போர் தொடங்குகிற வேளையில் எச்சரிக்கையாக எழுதப்பட்ட நாடகம், போர் முடிந்து இடிந்து கிடந்த நகரத்தில் அதன் மக்கள் முன் நடிக்கப்பட்டது. இந்தப் பத்தாண்டு இடைவெளியைக் கவனித்தாலே ஒரு நல்ல செமினார் கேள்வி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: நாடகத்துக்கு முன்னால் கவிதை

பெரும்பாலான பாடத்திட்டங்கள் நாடகத்தில் தொடங்குகின்றன. நீங்கள் கவிதையில் தொடங்குங்கள். பிரெக்ட் 2000க்கும் மேற்பட்ட கவிதைகளை எழுதியவர். என் கணிப்பில் அவருடைய மொழியின் உண்மையான வலு அங்கேதான் இருக்கிறது. நடைமுறைக் காரணமும் உண்டு. ஜெர்மன் மொழியில் இடைநிலையில் இருக்கும் மாணவர்கூட அகராதி உதவியோடு மூலத்திலேயே படித்துவிடக்கூடிய குறுங்கவிதைகள் அவரிடம் ஏராளம்.

1953 கோடையில் எழுதப்பட்ட ‘பூக்கோ இரங்கற்பாக்கள்’ வரிசையிலிருந்து ‘சக்கரம் மாற்றல்’ என்ற ஆறு வரிக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வழியோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்; ஓட்டுநர் வண்டிச் சக்கரத்தை மாற்றுகிறார். வந்த இடமும் அவருக்குப் பிடித்ததாக இல்லை, போகிற இடமும் பிடித்ததாக இல்லை. அப்படியிருக்க, சக்கரம் மாற்றப்படுவதை ஏன் பொறுமையிழந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். கவிதை அவ்வளவுதான். இதைப் பத்து முறையாவது வாய்விட்டுப் படித்த பிறகு வினைச்சொற்களின் காலத்தைப் பாருங்கள். தாம் விட்டுவந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்போதும் பேசுகிறவர் இறந்தகாலத்தைப் பயன்படுத்துவதில்லை. அந்த இடத்தில் இருப்பது இப்போதும் தமக்கு உவப்பாக இல்லை என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறார். விட்டுவந்த இடம் அவரை இன்னும் விடவில்லை. அடுத்து, யார் வேலை செய்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கை வேலை ஓட்டுநருடையது, பொறுமையின்மை பயணியுடையது. கடைசியாக ஆண்டைப் பாருங்கள். 1953 ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர் கிளர்ச்சி வெடித்து, சோவியத் டாங்கிகளால் அடக்கப்பட்டது. அதே கோடையில் எழுதப்பட்ட கவிதை இது. ஆனால் கவிதைக்குள் அந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே அதை நேராக அரசியல் குறிப்பாகச் சுருக்குவதும் சரியாகாது, ஆண்டை மறைத்துவிட்டுப் பொதுவான வாழ்க்கைத் தத்துவமாக வாசிப்பதும் சரியாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று எழுதப் பழகுவதுதான் பிரெக்ட் கல்வியின் முதல் பயிற்சி.

இந்தக் கவிதையின் முதல் வரியே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. அவர் சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு பாடமும், சாலையின் சரிவில் உட்கார்ந்திருப்பதாக மற்றொரு பாடமும் புழக்கத்தில் உள்ளன. ஆறே வரிகளுக்குள் இப்படியென்றால் ஐந்து அங்க நாடகத்தில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதன்பின் 1939இல் வெளிவந்த ‘ஸ்வெண்ட்போர்க் கவிதைகள்’ தொகுப்புக்குப் போகலாம். ‘படிக்கும் தொழிலாளியின் கேள்விகள்’, ‘பின்வரும் தலைமுறையினருக்கு’ ஆகிய இரண்டும் எல்லாத் தேர்வுகளிலும் வருபவை. அவற்றோடு 1920இல் எழுதிய ‘மாரி ஆ.வின் நினைவு’ போன்ற இளமைக் காலக் காதல் கவிதை ஒன்றையும் சேர்த்துப் படித்தால், அரசியல் கவிஞர் என்ற அடைமொழி அவரை முழுமையாக அடக்கிவிடாது என்பது விளங்கும்.

மூன்றாம் படி: ஒரே நாடகம், பல வடிவங்கள்

ஒரு பருவத்தில் ஆறு நாடகங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட, ஒரே நாடகத்தை அதன் எல்லா வடிவங்களிலும் படிப்பது நூறு மடங்கு பயன் தரும். அதற்கு ‘கலீலியோவின் வாழ்க்கை’யைவிடப் பொருத்தமான நாடகம் இல்லை. முதல் வடிவத்தை 1938 இறுதியில் டென்மார்க்கில் சில வாரங்களிலேயே எழுதினார். இரண்டாவது வடிவம், சார்லஸ் லாட்டன் என்ற நடிகரோடு சேர்ந்து 1944 இறுதியிலிருந்து கலிபோர்னியாவில் ஆங்கிலத்தில் உருவாக்கியது, 1947இல் மேடையேறியது. மூன்றாவது, 1955–56இல் பெர்லினில் முடிவுசெய்தது.

இரண்டாவது வடிவம் உருவான விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்ட்டின் ஆங்கிலமோ குறைவு. எனவே பிரெக்ட் ஒவ்வொரு வரியையும் மோசமான ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ நடித்துக் காட்டுவார். லாட்டன் அதைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்துச் சரியான ஆங்கிலச் சொற்களைக் கண்டடைவார். சொல்லுக்கு முன்னால் உடலின் நிலை, உடலின் நிலைக்குள் ஒரு சமூக உறவு: பிரெக்ட் ‘கெஸ்டுஸ்’ என்று கோட்பாட்டில் சொன்னது லாட்டன் வீட்டில் அன்றாட வேலைமுறையாகவே நடந்தது. இந்தச் செய்தியை அறிந்த மாணவருக்கு அக்கருத்தின் வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. புதிய இயற்பியலைத் தொடங்கிவைத்தவரின் வாழ்க்கை ஒரே இரவில் வேறு பொருள் கொண்டுவிட்டது என்று பிரெக்ட் பிற்பாடு குறிப்பிட்டார். முதல் வடிவத்தில், கொள்கையை மறுத்துரைத்துவிட்டு மறைவில் ஆய்வைத் தொடரும் கலீலியோவிடம் அடக்குமுறைக்குக் கீழே உண்மையைக் கடத்திச் செல்லும் சூழ்ச்சிக்காரரைக் காணலாம்; அது எழுதப்பட்ட ஆண்டில் நாஜி ஜெர்மனிக்குள் இருந்த எதிர்ப்பாளர்களுக்கு அந்தச் சூழ்ச்சி தேவைப்பட்டது. அங்கேயும் அவர் தம்மைக் குறைகூறிக்கொள்கிறார் என்பது உண்மைதான். ஆனால் பிந்தைய வடிவங்களில் அது கடுமையான குற்றச்சாட்டாக மாறுகிறது: மருத்துவர்களுக்கு இருப்பது போன்ற உறுதிமொழியொன்றை அறிவியலாளர்களும் எடுத்திருக்கக் கூடும், தாம் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டோம் என்று முதிய கலீலியோ தம் மாணவர் ஆந்திரேயாவிடம் சொல்கிறார். இறுதிக்கு முந்தைய அந்த உரையாடலை முதல் வடிவத்திலும் கடைசி வடிவத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டு மாலை நேரங்கள் இதற்குப் போதும். பருவம் முழுவதற்கும் உங்களிடம் பேச விஷயம் இருக்கும்.

நான்காம் படி: கோட்பாடு

இப்போதுதான் கோட்பாட்டைத் திறக்க வேண்டும், அதுவும் எளியதிலிருந்து. 1938இல் எழுதிய ‘தெருக்காட்சி’ கட்டுரையை முதலில் படியுங்கள். சாலை விபத்தொன்றைக் கண்ட சாட்சி, கூடியிருப்பவர்களுக்கு அது எப்படி நடந்தது என்று செய்து காட்டுகிறார். அவர் ஓட்டுநராகவே மாறிவிட வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் விபத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் காட்டினால் போதும். காவிய அரங்கின் அடிப்படை மாதிரி இதுவே. அதற்கடுத்து, 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைக் கண்டபின் எழுதிய கட்டுரை. பழகிப்போனதைப் புதிதாகப் பார்க்கவைக்கும் தூரப்படுத்தல் உத்தியைப் பற்றிய விரிவான பேச்சு அங்கே கிடைக்கும். 1948இல் எழுதிய, 77 எண்ணிட்ட பகுதிகள் கொண்ட ‘அரங்கிற்கான சிறு ஆர்கனான்’ இறுதியில். அதன் தொடக்கப் பகுதிகளிலேயே, அரங்கின் வேலை மகிழ்விப்பது என்று அவர் வெளிப்படையாக எழுதுகிறார். பிரெக்ட் வறண்டவர் என்று யாராவது வகுப்பில் சொன்னால் இந்தப் பக்கங்களைச் சுட்டிக்காட்டுங்கள்.

‘மகாகனி’ ஓபராவுக்கான 1930ஆம் ஆண்டுக் குறிப்புகளில் ஒரு அட்டவணை உண்டு. இடப்பக்கம் நாடக அரங்கு, வலப்பக்கம் காவிய அரங்கு; ஒன்றில் உணர்ச்சி, மற்றொன்றில் முடிவெடுத்தல் என்று அது நீளும். ஏறத்தாழ எல்லாப் பாடநூல்களும் அதை அச்சிட்டுவிட்டன. ஆனால் இவை முழு எதிர்நிலைகள் அல்ல, அழுத்தம் இடம்மாறுவதையே இது காட்டுகிறது என்று அவர் அதனுடனேயே எழுதிய குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறிப்பில்லாமல் அட்டவணையை மேற்கோள் காட்டுவதைப் போன்ற பிழை வேறில்லை.

உணர்ச்சியே கூடாதா என்ற கேள்விக்கு விடை காண, ‘தாய் கரேஜ்’ பெர்லின் தயாரிப்பின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். மகனின் உயிருக்கு விலை பேசி, பேரத்தை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் அவனைச் சுட்ட ஓசையை, படைகளோடு சென்று வணிகம் செய்யும் அந்தத் தாய் கேட்கிறாள். பிரெக்ட்டின் மனைவியும் நடிகையுமான ஹெலேன வைகல் அந்த இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, குரலே எழுப்பாமல் கதறினார். அதைக் கண்டு கலங்காதவர் இருந்திருக்க முடியாது. அந்தக் கலக்கத்தோடு, அவள் பேரம் பேசிய காசும் நமக்கு நினைவிருக்க வேண்டும் என்பதே பிரெக்ட் கேட்டது. சூரிச்சில் பார்வையாளர்கள் அவளை வெறும் துயரத் தாயாகப் பார்த்துவிட்டார்கள் என்பதால், பின்னர் சில காட்சிகளைத் திருத்தினார். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி கேட்கும் ஐந்தாம் காட்சியில், தன் சரக்கிலிருக்கும் விலையுயர்ந்த சட்டைகளைக் கொடுக்க அவள் மறுப்பது அவ்வாறு கூர்மையாக்கப்பட்ட இடங்களில் ஒன்று.

பாட்டும் கூட்டாளிகளும்

‘த்ரீபென்னி ஓபரா’வைக் குர்ட் வைலின் இசையைக் கேட்காமலும், ‘எடுத்த நடவடிக்கை’யை ஹான்ஸ் ஐஸ்லரின் இசையைக் கேட்காமலும் எழுத உட்காராதீர்கள். காகிதத்தில் முழக்கமாகத் தெரியும் வரி, இசையோடு சேரும்போது தன்னையே கேள்வி கேட்பதாக மாறுவதைக் காதால்தான் அறிய முடியும். பவுல் டெசாவின் இசையும் அப்படியே.

கூட்டாளிகளைப் பற்றித் தவறாமல் படியுங்கள். ஜான் கேயின் 1728ஆம் ஆண்டு ஓபராவை ஜெர்மனில் மொழிபெயர்த்து ‘த்ரீபென்னி’க்கு அடித்தளம் அமைத்தவர் எலிசபெத் ஹௌப்ட்மான். டென்மார்க் ஆண்டுகளின் படைப்புகளில் மார்கரெட் ஸ்டெஃபினின் உழைப்பு கலந்திருக்கிறது. அவர் 1941 ஜூனில், அமெரிக்கா செல்லும் வழியில், மாஸ்கோவில் காசநோயால் இறந்தார். ரூத் பெர்லௌ எடுத்த புகைப்படங்கள் இல்லாவிட்டால் பிரெக்ட்டின் மேடை நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. 1994இல் ஜான் ஃபியூகி வெளியிட்ட நூல், இப்பெண்களின் பங்கு மறைக்கப்பட்டது என்று கடுமையாக வாதிட்டது. அதன் பிழைகளை ஆய்வாளர்கள் விரிவாகச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அந்நூல் எழுப்பிய கேள்வி அதன் பிழைகளோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. உங்கள் கட்டுரையில் கூட்டாளிகளின் பெயரைக் குறிப்பிடுவது ஆய்வு நேர்மை. அதை அடிக்குறிப்போடு நிறுத்தாமல் உள்ளேயே எழுதுங்கள்.

அரசியல் பற்றிய விவாதம் வரும்போது

இது எப்படியும் வரும். கம்யூனிஸ்ட் என்று தூக்கி வைப்பவரும், கம்யூனிஸ்ட் என்று தள்ளிவிடுபவரும் எல்லா வகுப்புகளிலும் இருப்பார்கள். இரு தரப்பாரும் கையிலெடுப்பவை பெரும்பாலும் இரண்டு செய்திகள்தான். முதலாவது 1930இல் எழுதிய ‘எடுத்த நடவடிக்கை’. கட்சிப் பணிக்காகச் சீனா சென்ற நான்கு பேர், தங்களோடு சேர்ந்த இளம் தோழரைக் கொல்ல நேர்ந்ததைத் திரும்பி வந்து நடித்துக் காட்டித் தீர்ப்புக் கேட்கிறார்கள். இது வன்முறையை நியாயப்படுத்துகிறதா, அல்லது அந்த நியாயத்தின் விலையைக் காட்டுகிறதா என்பது இன்றும் முடியாத விவாதம். நடிப்பவர்கள் தாங்களே கற்றுக்கொள்வதற்காக எழுதிய பயிற்சி நாடக வகையைச் சேர்ந்தது என்பதையும், பின்னாளில் அதை மேடையேற்ற அவரே அனுமதி மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் எந்தப் பக்கமும் வாதிட வேண்டாம்.

இரண்டாவது 1953 ஜூன் 17. அன்று பிரெக்ட், கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கட்சியின் பொதுச் செயலாளர் உல்பிரிக்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்களோடு பெரிய அளவில் உரையாட வேண்டும் என்று வற்புறுத்தியதும் அதில் இருந்தது. கட்சியோடு தமக்குள்ள பிணைப்பை அறிவித்த இறுதி வாக்கியமும் இருந்தது. கட்சி நாளிதழ் இறுதி வாக்கியத்தை மட்டுமே அச்சிட்டது. அரசு மக்களைக் கலைத்துவிட்டு வேறு மக்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கும் ‘தீர்வு’ கவிதையை அதே ஆண்டு எழுதினார். ஆனால் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. கடிதம், துண்டிக்கப்பட்ட அச்சு, மேசை இழுப்பறையில் கிடந்த கவிதை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துத்தான் பேச வேண்டும். அவருடைய மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரே ஒரு சான்றை வைத்து அவரைத் துணிச்சல்காரர் என்றோ கோழை என்றோ எழுதும் கட்டுரையை எந்த ஆசிரியரும் ஏற்கக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

நூலகத்தில்

மேற்கோளுக்குரிய பதிப்பு, 1988 முதல் 2000 வரை 30 தொகுதிகளாக வந்த விளக்கக் குறிப்புகளுடன் கூடிய பெரிய பெர்லின்–பிராங்பர்ட் பதிப்பு. அதன் அமைப்பை நினைவில் வைத்தால் நேரம் மிச்சமாகும்: 1–10 நாடகங்கள், 11–15 கவிதைகள், 16–20 உரைநடை, 21–25 கட்டுரைகள், 26–27 நாட்குறிப்புகள், 28–30 கடிதங்கள். கலீலியோவின் மூன்று வடிவங்களும் 5ஆம் தொகுதியில் உள்ளன. பிரதியைப் படித்தவுடன் தொகுதியின் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். அவை பல நாட்கள் அலைந்து திரட்ட வேண்டியதைத் தொகுத்துத் தருகின்றன. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஜான் வில்லெட், ரால்ஃப் மான்ஹைம் பதிப்பித்த நாடகத் தொகுதிகளையும், டாம் குன், டேவிட் கான்ஸ்டன்டைன் மொழிபெயர்த்து 2018இல் வெளிவந்த கவிதைத் தொகுப்பையும் நாடலாம். வாழ்க்கை வரலாற்றுக்கு ஸ்டீபன் பார்க்கர் 2014இல் வெளியிட்ட நூல். ஆய்வுரைகளில் பிரெக்ட்டின் நண்பரும் திறனாய்வாளருமான வால்டர் பெஞ்சமினிடம் தொடங்கி, 1962இல் பிரெக்ட்டை எதிர்த்து எழுதிய தத்துவ அறிஞர் அடோர்னோவிடம் முடிப்பது நல்ல வரிசை.

கட்டுரை எழுதும்போது

தலைப்பைக் குறுக்குங்கள். ‘பிரெக்ட்டின் காவிய அரங்கு’ என்பது தலைப்பே அல்ல. ‘தாய் கரேஜ் ஐந்தாம் காட்சியில் சட்டைகள்: 1941, 1949’ என்பது தலைப்பு. தமிழ் தெரிந்த மாணவருக்குத் தனிப்பட்ட வாய்ப்பொன்றும் உண்டு. இலங்கையில் ஹென்றி ஜயசேன 1967இல் ‘காக்கேசிய வெண்கட்டி வட்ட’த்தைச் சிங்களத்தில் மேடையேற்றினார், ‘விதிவிலக்கும் விதியும்’ தமிழில் ‘யுகதர்மம்’ என்ற பெயரில் மேடை கண்டது. இவற்றைப் பற்றி எழுதுவதானால் ஜெர்மன் மூலத்தின் எந்த வடிவத்திலிருந்து, எந்த மொழியின் வழியாக அவை வந்தன என்று முதலில் விசாரியுங்கள். அதேவேளை ‘ஆள் என்றால் ஆள்’ நாடகம் பிரிட்டிஷ் இந்தியாவில் நடக்கிறது என்பதற்காக அதில் உண்மையான இந்தியாவைத் தேட வேண்டாம். அது கிப்ளிங்கின் கதைகளிலிருந்து கட்டிய மேடை நாடு.

பெர்லினுக்குச் செல்ல வாய்த்தால் ஷோசே தெரு 125ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். அவரும் வைகலும் கடைசியாக வாழ்ந்த அந்த வீட்டில்தான் கலை அகாதமியின் பிரெக்ட் ஆவணக்காப்பகம் இருக்கிறது. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். காப்பகத்தில் பார்க்க வேண்டிய தட்டச்சுப் பிரதி எது, அதில் எந்தக் காட்சி, எதற்காக என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுச் செல்லுங்கள். பிரெக்ட் பேனாவால் அடித்துத் திருத்திய ஒரு பக்கத்தை மட்டுமாவது நேரில் பார்த்து, அந்தத் திருத்தத்தைப் பதிப்பின் குறிப்போடு ஒப்பிட்டு, உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி எழுதுங்கள்.